எட்டாவது பிளக்கு

2019-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் யாம் அமெரிக்க தேசத்து டெக்ஸாஸ் மாகாணத்தில் வசிக்கும் எமது தமையனாரிடம் சென்றிருந்தோம். அவரிடம் 2006-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எட்டு சிலிண்டர் டிரக்கு ஒன்று இருந்தது. அதன் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றும் வேலையில் யாமும் வலியச் சென்று கைகொடுத்தோம்.

அவ்வகை இயந்திரத்தின் பிளக்கு ஏனையவற்றைப் போன்றதன்று. புரிக்குக் கீழே ஏறக்குறைய ஓரங்குல நீளமுள்ள மெல்லிய குழாயொன்று அதனுடன் பிணைக்கப்பட்டிருக்கும். நாளடைவில் அக்குழாயைச் சுற்றிக் கரி படிந்து இறுகிவிடும். ஆதலின் இயந்திரம் நன்கு குளிர்ந்தபின், கால் சுற்றுக்கு மேற்படாமல் தளர்த்தி, கரியை இளக்கும் திரவத்தை ஊற்றி ஊறவிட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பியே எடுத்தல் வேண்டும். ஏழு பிளக்குகள் இங்ஙனம் வந்தன. எட்டாவதை யாம் ஊறவிடாமலே திருகினோம். ஸ்பானர் திடீரென இலேசாயிற்று. மேற்பாதி கையில் வந்தது. பீங்கானும் குழாயும் உள்ளே தங்கிவிட்டன.

தமையனார் ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருப்பாராயின் எமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும். மறுநாள் அவர் வேலைக்குச் செல்ல அவ்வண்டியே கதி. பீங்கான் துண்டு சிலிண்டருக்குள் விழுந்தாலோ, அதன் சுவர் கீறுண்டு இயந்திரமே பாழாகும். இதற்கென்றே விற்கப்படும் கருவியை அவர் வாங்கி வந்தார். பீங்கானைக் குழாய்க்குள்ளேயே மெல்லக் கீழே தள்ளி, மேலே கிடைத்த இடத்தில் புரி வெட்டி, அப்புரியில் கம்பியை மாட்டி, நட்டை இறுக்கி இறுக்கி இழுத்தார். மூன்று மணி நேரத்தின் பின் குழாய் பீங்கானோடு முழுமையாக மேலே வந்தது.

புதிய பிளக்கின் குழாயில் நிக்கல் பசையைத் தடவி எம்மிடம் நீட்டி, "நீயே பூட்டு, தம்பி" என்றார்.