நான் வெட்டிய கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு மாணவியிடம் கேட்ட மன்னிப்பு இதற்குள் இருக்கிறது.

எங்கள் பாடசாலையில் மாணவர் பாராளுமன்றத்துக்குப் பொறுப்பாசிரியர் நான். சென்ற அமர்வுக்கு அதிகாரிகள் சிலர் வருவதாக இருந்ததால், பிள்ளைகள் எழுதிய கேள்விகளை முன்கூட்டியே வாங்கிப் பார்த்தேன். தரம் 9 மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: "கடும் மழை எச்சரிக்கை வந்தால், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதா, இங்கேயே வைத்திருப்பதா என்று யார் முடிவெடுப்பது? எத்தனை மணிக்கு? பாதை எப்படி இருக்கிறது என்று யார் போய்ப் பார்ப்பது?"

"மகள், இது வேணாம். காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பொதுவா ஒன்று கேளுங்க" என்று சொல்லி அதை வெட்டிவிட்டேன். "சரி சேர்" என்றாள். அமர்வன்று மரம் நடுவதன் நன்மைகள் எவை என்று கேட்டாள். எங்கள் 'சுற்றாடல் அமைச்சர்' பாடமாக்கியதை ஒப்புவித்தார். எல்லோரும் கைதட்டினோம்.

அவளுடைய கேள்வி எங்கிருந்து வந்தது என்று எங்கள் பகுதி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2024 நொவம்பர் 26, மாவடிப்பள்ளி. வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸாப் பிள்ளைகளோடு ஓர் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போன நாள்.

அமர்வு முடிந்து ஒரு வாரம் போனபின், நியூசிலாந்துப் பாராளுமன்றத்தின் பழைய காணொளி ஒன்றைப் பார்த்தேன். 2019 நொவம்பர், பூச்சியக் காபன் சட்டமூல விவாதம். பசுமைக் கட்சி உறுப்பினர் குளோய் ஸ்வார்பிரிக் பேசுகிறார், வயது 25. அவர் சபைக்கு முன்னால் வைத்தது ஒரு சின்னக் கணக்கு. 2050 இல் தனக்கு 56 வயதாகும், ஆனால் அன்றைய சபையின் சராசரி வயதே 49. யாரோ குறுக்கிட்டபோது "ஓகே பூமர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். உலகம் அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டது.

அந்தச் சட்டமூலம் அதே வாரம் 119 க்கு 1 என்று நிறைவேறியது. ஐந்து வருடத்துக்கு ஒரு வெளியேற்ற வரம்பு, கண்காணிக்க ஒரு சுயாதீன ஆணைக்குழு. அதாவது 2050 வரும்வரை காத்திராமல் இடையிலேயே "எங்கே வந்து நிற்கிறீர்கள்?" என்று கேட்க ஒரு வழி. சட்டம் வந்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. கால்நடைகளிலிருந்து வரும் மீத்தேனை 2050 க்குள் 24 முதல் 47 சதவீதம் குறைப்பது என்ற இலக்கை, 2025 இல் அங்குள்ள அரசு 14 முதல் 24 ஆக இறக்கியது. கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

எங்கள் நாடும் 2050 இல் காபன் நடுநிலை அடைவதாகச் சொல்லியிருக்கிறது. எங்கள் சபையிலும் வாய்மூல விடைக்கான வினாக்கள் உண்டு. கேட்டதும் சொன்னதும் ஹன்சாட்டில் பதியும். காலநிலை பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். யார், எப்போது, எவ்வளவு என்று கேட்கிறவர்கள்தான் குறைவு. பேச்சுக்குக் கைதட்டினால் போதும். கேள்விக்கு ஒருவர் எழும்பிப் பதில் சொல்ல வேண்டும்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வளியின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் அது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும், அதனால்தான் மழை பெய்தால் கொட்டித் தீர்க்கிறது என்று பலகையில் எழுதத் தெரியும். அந்தப் பிள்ளையின் கேள்வியும் இதே பாடம்தான் என்பது மட்டும் எனக்கு விளங்காமல் போய்விட்டது. 2050 இல் எனக்கு 71 வயது, இன்ஷா அல்லாஹ். 2012 இல் பிறந்த அவளுக்கு 38. யாருடைய கேள்வியை யார் வெட்டியது?

அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டு, "மகள், நான் செய்தது பிழை. அந்தக் கேள்வியைத் திரும்பத் தாங்க" என்றேன். கொப்பியின் பின்பக்கத்தில் அப்படியே வைத்திருந்தாள். அதை அதிபரிடம் கொண்டு போனேன். இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். முதலாவது வரிக்கே எங்கள் இருவரிடமும் பதில் இருக்கவில்லை.

அடுத்த அமர்வில் முதல் கேள்வி அவளுடையது. இந்த மாரிக்கு முன்னர் பதிலை எழுதி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறோம்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலையில் இதற்குப் பதில் இருக்கிறதா? இருந்தால் கீழே எழுதுங்கள். எங்களுக்கு உதவும்.