ஸ்க்ரூ இல்லாத வண்டி

பெரிய காஞ்சிபுரத்தின் ராஜ வீதிகளைக் கடந்து பிள்ளையார்பாளையம் பக்கம் திரும்பினால் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கும். நான் தேடிப்போன பட்டறை அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் இருக்கிறது. தகரக் கூரை. சுவரில் வரிசையாக மாட்டிய ஸ்பேனர்கள். அவற்றுக்குக் கீழே ஒரு மரப்பெட்டி நிறைய கார்புரேட்டர் ஜெட்டுகள், ஊசிகள், மிதவைகள்.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் தொழில் பழகியவர். கூட இருப்பது அக்கா மகன், பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவர். பெரியவர் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் மருமகன் கையில் ஸ்கேனர் இருக்கிறது. எந்த வண்டி வந்தாலும் "மாமா, முதல்ல நான் ஒரு தடவ மாட்டிப் பார்த்துடறேன்" என்று அவர் சொல்வதும், "பாரு, பாரு. அதுக்குள்ள நான் சத்தம் கேட்டுடறேன்" என்று இவர் சொல்வதும் வழக்கம்.

அந்தச் சத்தத்தில் என்ன கேட்கிறார் என்று அறியத்தான் போனேன். இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலக்கின்றன என்பதே விஷயம். கலப்பில்லாத பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. பெட்ரோல் கூடினால் ரிச்: புகை வரும், பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் குறையும். பெட்ரோல் குறைந்தால் லீன்: இழுவை இருக்காது, இன்ஜின் சூடாகும், ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்சரில் வெடிக்கும். அளவு மீறினால் வால்வும் பிஸ்டனும் வீணாகும்.

பல பத்தாண்டுகளாக இந்தக் கணக்கு கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன ஸ்க்ரூவில் அடங்கியிருந்தது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐட்லிங்கில் விட்டு, ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி, சத்தம் ஏறிச் சீராகும் இடத்தைக் காதால் பிடிப்பார்கள். பிறகு ஓர் ஓட்டு ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். காபித்தூள் நிறம் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம். நாட்டில் ஓடிய எத்தனையோ வண்டிகளின் கார்புரேட்டர்கள், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மறைமலை நகரில் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து செய்தவை. பெரியவரின் மரப்பெட்டியிலும் அந்தப் பெயர் பொறித்த துண்டுகள் கிடந்தன.

2006இல் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரோடு ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ வந்தபோது இந்த ஊர்ப் பட்டறைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார் பெரியவர். வந்தது ஒன்றிரண்டு வண்டிதான். 2020 ஏப்ரல் 1இல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்ததும் கதை மாறியது. புல்லட் கிளாசிக் 350, நூறு சிசி வண்டி, பட்டு நூல் மூட்டை ஏற்றிப்போகும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 எல்லாமே இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. "எக்ஸ்எல்ல ஸ்க்ரூ இல்லன்னதும்தான் சார், இனிமே தப்பிக்க முடியாதுன்னு புரிஞ்சுது. இவன வரச் சொன்னேன்" என்று மருமகனைக் காட்டினார்.

புதிய வண்டிகளில் கணக்கை ஈசியூ என்ற சிறு கணினி போடுகிறது. அதற்குள் ஓர் அட்டவணை உண்டு. ஒரு பக்கம் இன்ஜின் சுற்றும் வேகம், இன்னொரு பக்கம் ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது. ஒவ்வொரு கட்டத்திலும் இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். மருமகன் இதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, வண்டி விட வந்திருந்த நெசவாளர் ஒருவர், "எங்க டிசைன் கிராஃப் பேப்பர் மாதிரிதானே தம்பி? எந்தக் கட்டத்துக்கு எந்த இழை தூக்கணும்னு மொதல்லயே எழுதி, அட்டையில ஓட்ட போட்டு ஜக்கார்டுல மாட்டிடுவோம். அப்புறம் தறி அதும்பாட்டுக்குத் தூக்கும்" என்றார். நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.

ஜக்கார்டில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. சைலன்சர் குழாயில் பொருத்திய ஆக்ஸிஜன் சென்சார், எரிந்த புகையில் ஆக்ஸிஜன் மீதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறது. பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், குறைந்தால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும். அதைக் கேட்டு ஈசியூ கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். நல்ல வண்டியில் இந்த ஊசலாட்டம் ஓயாமல் நடக்கும். சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வாய் திறக்கும். அதுவரை ஈசியூ அட்டவணையை நம்பி, குளிர்ந்த இன்ஜினுக்காகப் பெட்ரோலைச் சற்றுத் தூக்கலாகவே கொடுக்கும்.

அந்த நெசவாளரின் சிக்கலே இதுதான். 110 சிசி வண்டி, ஓடியது கொஞ்சம்தான், மைலேஜ் பாதியாகிவிட்டது என்றார். ஸ்கேனரில் ஒரு குறையும் வரவில்லை. பெரியவர் வண்டியைத் தொடவே இல்லை. "ஐயா, தினமும் எங்கெங்க போறீங்க?" என்று மட்டும் கேட்டார். வீட்டிலிருந்து முதலாளி வீட்டுக்குப் பாவு வாங்க, அங்கிருந்து காந்தி சாலைக் கடைக்குச் சேலை கொடுக்க, திரும்பி வீட்டுக்கு. எல்லாம் ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர். அதிலும் தேர் வீதி நெரிசலில் பாதி நேரம் நின்றுகொண்டுதான்.

"இன்ஜின் சூடாவறதுக்குள்ள அணைச்சிடறீங்க. அது காலைல எழுந்த மாதிரியேதான் நாள் பூரா ஓடுது" என்றார் பெரியவர். பிளக்கைக் கழற்றினார், கரி. த்ராட்டில் பாடியில் கறுப்புப் படலம். சுத்தம் செய்து புது பிளக் போட்டார்கள். கூடவே ஒரு மருந்துச் சீட்டு: வாரத்துக்கு ஒருமுறை வாலாஜாபாத் வரை நிற்காமல் ஓட்டிவிட்டு வர வேண்டும். இந்தப் பட்டறையில் நான் கண்ட வேலைகளில் இதை மிக உயர்வாக மதிக்கிறேன். ஸ்கேனருக்கு வண்டியைத் தெரியும். தறிக்கும் கடைக்கும் நடுவில் அந்த வண்டி வாழும் வாழ்க்கையைக் கேட்டறிய ஆள் வேண்டும்.

இன்னொரு வண்டி 350 சிசி. கல்லூரி முடித்த வயதுப் பையன், சைலன்சரை மாற்றியிருந்தான். ஆக்ஸிலேட்டரை விட்டால் பட்டாசு வெடித்தது, பெட்ரோலும் கன்னாபின்னாவென்று குடித்தது. "அண்ணா, மேப் மாத்தணும்னு சொல்றாங்க. பெங்களூர்ல பாக்ஸ் கிடைக்குதாம், அத மாட்டிட்டா சரியாயிடுமாம்" என்றான். அவன் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் செய்யும் பவர்ட்ரானிக், ஃபியூயல்எக்ஸ் போன்ற பெட்டிகள் ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து பெட்ரோல் அளவை மாற்றித் தரும். மருமகன் உடனே அந்தப் பேச்சுக்குப் போகாமல் ஸ்கேனரை மாட்டினார்.

எனக்கு முதலில் தலை சுற்றியது. வண்டி லீனாக ஓடுகிறது என்று சென்சார் சொல்கிறது. ஈசியூ அதை நம்பி, அட்டவணையில் எழுதியதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் கழற்றிய பிளக் மை பூசியதுபோல் கறுத்திருக்கிறது. கணினி பெட்ரோல் போதவில்லை என்கிறது, பிளக் அதிகம் என்கிறது. எதை நம்புவது?

பெரியவர் பிளக்கை நம்பினார். சோப்புத் தண்ணீர் எடுத்துவந்து, சிலிண்டர் தலையோடு சைலன்சர் சேரும் இடத்தில் துணியால் தொட்டு வைத்தார். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு பக்கம் நுரை கொப்பளித்தது. சைலன்சர் மாற்றியவர்கள் பழைய பேக்கிங் வளையத்தையே திரும்பப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். புகை ஒரே சீராக வெளியே போவதில்லை. வீச்சு வீச்சாகப் போகும். இரண்டு வீச்சுக்கு நடுவில் குழாய்க்குள் அழுத்தம் குறையும். அந்த நொடியில் பேக்கிங் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறிவிடுகிறது. சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து, இன்ஜினில் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. ஈசியூ கூட்டுகிறது. எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் சைலன்சரில் இதே காற்றோடு சேர்ந்து வெடிக்கிறது.

புது பேக்கிங் போட்டு இறுக்கினார்கள். கொஞ்ச தூரம் ஓட்டி வந்ததும் மருமகன் எண்ணைக் காட்டினார். ஈசியூ தானே கூட்டியதையெல்லாம் குறைத்துக்கொண்டு வந்திருந்தது. வெடிச் சத்தம் ஏறக்குறைய நின்றுவிட்டது. பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டி செய்ய வேண்டிய வேலையை ஒரு வளையம் செய்து முடித்தது. அந்தப் பெட்டியை முதலிலேயே மாட்டியிருந்தால், பொய் சொல்லும் சென்சாருக்கு மேல் இன்னொரு கணக்கை ஏற்றியிருப்பார்கள்.

பையனிடம் பெரியவர் பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டச் சொன்னார். அதற்குள்தான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. புகையின் நஞ்சைக் குறைப்பது அதுதான். தயாரிப்பாளர் கொடுத்த வடிவை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. அவன் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மேப் மாற்றுவது ஏமாற்று வேலை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு உரிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிகளுக்கு 14.7 கணக்கு உதவாது. முழு ஆக்ஸிலேட்டரில் அதிக சக்தி கிடைப்பது 12.5, 13 பக்கம். அதை அளக்க வண்டியின் சாதாரண சென்சார் போதாது. அகன்ற அளவைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் வேண்டும், டைனோ உருளைமேல் ஏற்றி ஒவ்வொரு கட்டமாகத் திருத்த வேண்டும். அது தனித் தொழில். ராஜ வீதியில் இரண்டாவது கியரில் போகிறவருக்கு அது தேவைப்படாது.

இப்போது பட்டறைக்கு வரும் புகார்களில் பாதி எத்தனாலைப் பற்றியது. பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரிய ஒன்பது பங்கு காற்றே போதும் என்பதால், இந்தக் கலவைக்கான விகிதம் 14.7இலிருந்து 13.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய கணக்கில் அமைந்த இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. சென்சார் உள்ள வண்டி தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அந்த அறிவு கிடையாது. லீனாகி, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். அவர்களுக்காகப் பெரியவர் மரப்பெட்டியைத் திறந்து ஒரு அளவு பெரிய ஜெட்டைத் தேடுகிறார்.

மழைக்காலம் இன்னும் மோசம். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். அப்படி நின்றுபோன வண்டியின் டேங்கிலிருந்து பிடித்ததைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள். நடுவில் கோடு கிழித்ததுபோல் இரண்டு அடுக்கு. பங்க்கில் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகத் தயாராக நின்ற வண்டிக்காரரிடம், டேங்க் மூடியின் வெடித்த ரப்பரை மருமகன் காட்டினார்.

பட்டறையின் உண்மையான தவிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அவர்களுடைய ஸ்கேனர் படிக்கும். சில வண்டிகளில் சில எண்களை மட்டும். ஈசியூவை மாற்றினால் புதியதைப் பதிவு செய்யவோ, சில அளவுகளைத் திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுவரவோ முடியாது. அதற்குக் கம்பெனி சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். வண்டிவாரியாகச் சரியான அளவுகள் எவை என்ற புத்தகமும் கைக்கு வருவதில்லை. ஒரகடத்தில் 2013 முதலும் வல்லம் வடகாலில் 2017 முதலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் ஓடுகின்றன. வல்லம் வடகாலில் யமஹாவும் இருக்கிறது. "எங்க மாவட்டத்துலயே செய்யற வண்டி சார். அதோட கணக்கு மட்டும் எங்களுக்குத் தெரியாது" என்றார் பெரியவர். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022இல் குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. பிள்ளையார்பாளையத்துக்கு அதனால் இன்னும் ஒரு எண்கூட வந்து சேரவில்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். தெருவில் ஓடும் வண்டிகளின் புகையைக் குறைக்க விதி போடுகிறவர்கள், வாரண்டி முடிந்த வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களின் கையில் அந்த அளவுகளைக் கொடுக்க வேண்டாமா?

கிடைக்காததை மருமகன் தானே சேர்க்கிறார். ஆயில் மாற்ற வரும் நல்ல வண்டிகளையும் விடுவதில்லை. வண்டிக்காரர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஸ்கேனரை மாட்டி, இன்ஜின் சூட்டில் ஐட்லிங் எவ்வளவு, இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட், ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது அதன் சென்சாரில் எத்தனை வோல்ட், ஈசியூ எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று நீள நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்கிறார். காசு கிடையாது. மாடல், வருடம், ஓடிய கிலோமீட்டர், எந்த மாதப் பெட்ரோல் என்பதுவரை பத்தி பிரித்திருக்கிறார்.

நான் கிளம்பும் நேரத்தில் ஓரிக்கையிலிருந்து ஒரு மெக்கானிக் போன் செய்தார். ஸ்கூட்டர் ஒன்று ஐட்லிங்கில் நிற்காமல் அணைந்து அணைந்து போகிறதாம். மருமகன் பக்கத்தைப் புரட்டி, "உங்க வண்டி எந்த வருஷம்ணா? அப்ப 0.6 வோல்ட் இருக்கணும். கூட இருந்துதுன்னா வயர் ஜாயின்ட்ட மொதல்ல பாருங்க" என்றார். பிறகு, "அண்ணா, உங்ககிட்ட 125 சிசி நல்லா ஓடறது ஏதாவது வந்துச்சுன்னா எனக்கு அளவு எடுத்து அனுப்புங்க. அந்தப் பக்கம் இன்னும் காலியா இருக்கு" என்று கேட்டுக்கொண்டார்.