பெயர் ஏறிய பட்டியல்

பிளாக் என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு நீதிமன்றத்தில் பஞ்சமே இல்லை. பிளாக் மார்க்கெட்டுக்கு 1980-இல் தனிச் சட்டமே வந்தது. அதன்படி விசாரணை இல்லாமலே ஆறு மாதம் வரை உள்ளே வைக்கலாம். வெளிநாட்டில் பதுக்கிய பிளாக் மணிக்கு 2015-இல் இன்னொரு சட்டம். பிளாக்மெயில் என்று புகார் கொடுத்தால் போலீஸ் எழுதுவது மிரட்டிப் பறித்தல் பிரிவைத்தான். இந்தக் குடும்பத்தில் பிளாக்லிஸ்ட் மட்டும் டெண்டர் நிபந்தனைகளிலும் அலுவலக உத்தரவுகளிலும் குடியிருக்கிறது. ஜெயிலுக்கு அனுப்பாத தண்டனைதானே என்று அதிகாரிகள் அதை லேசாக எழுதிவிடுகிறார்கள்.

அப்படி ஓர் உத்தரவோடு வந்தவர் தென்மாவட்டத்து ஒப்பந்ததாரர் ஒருவர். அரசு விடுதிகளுக்கு இரும்புக் கட்டில், டெஸ்க் சப்ளை செய்பவர். தகடு ஒப்பந்தத்தில் சொன்ன கனத்தில் இல்லை என்று ஆய்வில் கண்டுபிடித்து, டெபாசிட்டைப் பறிமுதல் செய்திருந்தார்கள். கூடவே பெயரையும் கருப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். எத்தனை வருடத்துக்கு என்று உத்தரவில் இல்லை. கடைசிப் பக்கத்தில் ‘நகல்’ என்று போட்டு மற்ற மாவட்ட அலுவலகங்களை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. உத்தரவைவிட அது நீளம்.

“டெபாசிட்டை எடுத்துக்கிட்டாங்க, சரி. இதை எதுக்கு சார் ஊரெல்லாம் அனுப்பினாங்க?”

“தகடு நிஜமாவே கனம் குறைச்சலா அண்ணாச்சி?”

“ஒரு லாட் அப்படி வந்துட்டுது சார். மாத்திக் கொடுத்துட்டேன்.”

முழுக்க நம்பவில்லை நான். ஆனால் வழக்கு தகட்டைப் பற்றியதாக இருக்காது என்பது அவர் நீட்டிய ஷோகாஸ் நோட்டீஸைப் படித்ததுமே தெரிந்துபோயிற்று. ‘ஒப்பந்த நிபந்தனைகளை மீறியதற்காக உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?’ அவ்வளவுதான். மிஞ்சிப்போனால் டெபாசிட் போகும் என்று நினைத்த அண்ணாச்சி, தகட்டை மாற்றிக் கொடுத்ததாக நாலு வரியில் பதில் எழுதிக் கொடுத்திருந்தார். பெயர் போகும் என்று தெரிந்திருந்தால் அந்தப் பதில் நாலு வரியில் நின்றிருக்காது.

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் ஐம்பது வருடமாக ஒரே பாதையில்தான் போகிறது. எருசியன் எக்விப்மென்ட் வழக்கில் 1974-லேயே தலைமை நீதிபதி ஏ.என். ரே, பெயரைப் பட்டியலில் சேர்க்கும் முன் அந்த ஆளின் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்றார். அரசு பெட்டிக்கடைக்காரர் மாதிரி பிடித்தவருக்கு விற்று, பிடிக்காதவரைத் திருப்பி அனுப்ப முடியாது. வியாபாரத்துக்கு இறங்கினாலும் சமத்துவத்துக்குக் கட்டுப்பட்டதுதான். 2014-இல் கூர்க்கா செக்யூரிட்டி வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. நோட்டீஸ் கொடுத்தால் மட்டும் போதாது; கருப்புப் பட்டியலில் சேர்க்கப் போகிறோம் என்று அதில் சொல்லியிருக்க வேண்டும், அல்லது படிப்பவருக்கு அது தெளிவாகப் புரிய வேண்டும். அதற்கு முந்தைய வருடமே குல்ஜா இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், காலவரையின்றி ஒருவரை ஒதுக்கிவைப்பது சரியல்ல, தவறுக்கு ஏற்ற அளவுதான் தடை இருக்க வேண்டும் என்றார்கள்.

மதுரைக் கிளையில் ரிட் போட்டேன். தடையாணை உடனே கிடைக்கவில்லை. கவுன்ட்டர் வரட்டும் என்றார் நீதிபதி. அதற்குள் வேறொரு துறையின் டெண்டர் அண்ணாச்சி கையைவிட்டுப் போனது. டெண்டருக்கான உறுதிமொழிப் படிவத்தில், எந்த அரசுத் துறையாலாவது கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவரா என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதுதான் காரணம். ஓர் அலுவலகம் போட்ட பூட்டு எல்லா அலுவலகத்துக் கதவிலும் தொங்கும்.

இறுதி விசாரணையில் அரசு வழக்கறிஞர் சாமர்த்தியமாகவே வாதாடினார். ஒப்பந்தத்தில் இந்தத் தண்டனைக்கு இடம் இருக்கிறது, அதில் கையெழுத்துப் போட்டவருக்கு நோட்டீஸில் வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா என்பது அவர் கேள்வி. கூர்க்கா வழக்கிலும் இதே வாதம் வந்து தோற்றிருந்தது. ஒரே நிபந்தனையில் நாலு தண்டனை இருக்கும்போது, எதைத் தரப் போகிறார்கள் என்று தெரியாமல் ஒருவர் எதற்குப் பதில் சொல்வார்? தீர்ப்பின் அந்தப் பத்தியைக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். “நோட்டீஸில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்” என்றார் நீதிபதி. அரசு வழக்கறிஞர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பட்டியலில் சேர்த்த பகுதி ரத்தானது. புதிதாக நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கத் துறைக்கு அனுமதி. இந்த வகை வழக்குகளில் பெரும்பாலும் கிடைக்கும் வெற்றி இவ்வளவுதான் என்று கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. புது நோட்டீஸ் வந்தது, இந்த முறை அந்தச் சொல் தடித்த எழுத்தில். விரிவாகப் பதில் கொடுத்தோம், நேரிலும் ஆஜரானோம். ஒரு வருடத் தடையோடு முடித்தார்கள். தகட்டை நினைத்தால் அது நியாயமான அளவு என்றே எனக்குப் பட்டது. அண்ணாச்சியும் மேல்முறையீடு பற்றிப் பேசவில்லை.

ரத்து உத்தரவை மற்ற மாவட்டங்களுக்கு யாரும் நகல் போடவில்லை. நாங்களே பதிவுத் தபாலில் அனுப்பினோம். தடைக்காலம் முடிந்த பிறகு படிவத்தின் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அண்ணாச்சி கேட்டார். ‘இல்லை’ என்று போடலாமே என்றார் என் ஜூனியர். வேண்டாம் என்றேன், உண்மையை மறைத்ததற்காக இன்னொரு நோட்டீஸ் வாங்க வேண்டாமே. ‘ஆம், காலம் முடிந்தது’ என்று எழுதி இரண்டு உத்தரவையும் இணைக்கச் சொன்னேன். பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொண்டார்கள். ஓர் அலுவலகம் மட்டும் அதைக் காரணம் காட்டித் தள்ளிவிட்டது. அதற்கும் ஒரு ரிட் போடலாம் என்றேன்.

“விடுங்க சார்,” என்றார். “அந்த ஆபீஸ்ல பில் பாஸாகவே ரெண்டு வருஷம் ஆகும்.”