300 மீட்டருக்கு அப்பால்

ஸ்விட்ஜர்லாந்து என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கைக்கடிகாரம், சாக்லெட், பனிமலை - இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வீர்கள். நான்காவதாக ஒன்று உண்டு. அதைப் பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை காலையில் அந்த நாட்டு ரயிலில் ஏறி உட்காருங்கள். தோளில் ரைபிளை மாட்டிக்கொண்டு ஒருவர் வந்து, உங்களுக்கு எதிரே அமர்ந்து, சாவதானமாகப் பத்திரிகையைப் பிரிக்கலாம். பதறி அபாயச் சங்கிலியைத் தேடாதீர்கள்! அவர் கொள்ளைக்காரரும் அல்ல, வேட்டைக்காரரும் அல்ல. நம் ஊரில் சிலர் பூப்பந்து மட்டையுடன் கிளப்புக்குப் போவதுபோல, அவர் குறிபார்த்துச் சுடும் கிளப்புக்குப் போகிறார். துப்பாக்கியில் ரவை இராது. வழியில் துப்பாக்கி வேறு, ரவை வேறாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

மகன் தலைமேல் வைத்த ஆப்பிளை அம்பெய்து வீழ்த்திய வில்லியம் டெல்லின் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அப்படி ஒருவர் இருந்தாரா என்பதே சரித்திர ஆசிரியர்களுக்குச் சந்தேகம். ஆனால் ஆல்ட்டோர்ஃப் என்ற ஊரில் 1895-ஆம் வருஷம் அவருக்குச் சிலை எழுப்பிவிட்டார்கள். அவர் இருந்தாரோ இல்லையோ, அவருடைய வித்தை அந்த நாட்டில் இன்னும் இருக்கிறது!

வித்தையை நேரில் பார்க்க வேண்டுமா? செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது வார இறுதியில் ஜூரிச் நகருக்குப் போங்கள். 13-ஆம் நம்பர் டிராம் வண்டியில் ஏறிக் கடைசி ஸ்டாப்பில் இறங்குங்கள். உயெட்லிபெர்க் மலையின் அடிவாரத்தில் ஆல்பிஸ்குயெட்லி என்ற மைதானம். ஒரு பக்கம் ராட்டினமும் தின்பண்டக் கடைகளுமாகப் பெரிய திருவிழா. மறுபக்கத்திலிருந்து 'டப், டப்' என்று வெடிச் சத்தம். இதுதான் 'க்னாபென்ஷீசென்' - பையன்கள் சுடும் போட்டி. பெயர்தான் பையன்களுக்கு, 1991 முதல் பெண்களும் கலந்துகொள்கிறார்கள், வென்றும் இருக்கிறார்கள். 13 வயது முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தரையில் படுத்து, 300 மீட்டர் தூரத்திலுள்ள குறியைச் சுடுகிறார்கள். ஆளுக்கு ஐந்தே ரவைகள். எல்லாம் நட்டநடுவில் பாய்ந்தால் 35 புள்ளி. பக்கத்திலேயே பெரியவர் ஒருவர் இருந்து கவனித்துக்கொள்கிறார்.

அந்தக் குழந்தைகளின் கையில் இருப்பது எது தெரியுமா? ராணுவத்தின் ரைபிளேதான்! 'ஷ்டூர்ம்கெவேர் 90' என்று பெயர். ராணுவத்தில் அது தொடர்ந்தும் சுடும். போட்டி மைதானத்தில் அதற்கு இடமில்லை. விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரே ஒரு ரவைதான். காலியான தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். ஆனால் மறுபடி விரலை அசைத்தால்தான் வெடிக்கும். இப்படிப்பட்டதற்குத்தான் அரைத் தானியங்கி என்று பெயர்.

சுடும் கிளப்பில் புதிதாகச் சேர்கிறவர் எந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பார்? வரன் பார்க்கிற சங்கதிதான்! முக்கியமான ஜாதகங்கள் மூன்று. பெயரோடு வருஷமும் ஒட்டிக்கொண்டிருப்பதால் வயதை மறைக்க வழியில்லை.

முதலாவது, காரபீனர் 31. இது தானியங்கி அல்ல. ஒவ்வொரு ரவைக்கும் கைப்பிடியை நேராகப் பின்னுக்கு இழுத்து நேராக முன்னுக்குத் தள்ள வேண்டும். ஆறு ரவை கொள்ளும். சிக்கல் குறைவு, கெடுவதற்கு அதில் அதிகமாக எதுவும் இல்லை. ஆனால் கண் மங்கியவர்களுக்கு இதன் திறந்த குறிப்பள்ளம் கொஞ்சம் சிரமம்.

இரண்டாவது, ஷ்டூர்ம்கெவேர் 57. ஐந்தரைக் கிலோவுக்கு மேல் கனம். தூக்கி நடந்தால் தோள் வலிக்கும். படுத்துச் சுட்டாலோ அந்தக் கனமே உதவி. வெடியின் உதை தோளில் அவ்வளவாகத் தெரியாது. சரீரம் பெரிது, குணம் சாது! 24 ரவை கொள்ளும்.

மூன்றாவது, நாம் பார்த்த 90. சுமார் நாலு கிலோ. 20 ரவை கொள்ளும். சின்ன ரவை, மெல்லிய உதை, குழந்தைகளுக்கும் ஏற்றது. வெடிவாயுவின் ஒரு பகுதியே பின்னால் தள்ளி இயந்திரத்தை இயக்குகிறது. அழுக்கேறி மந்தமானால் கூடுதல் வாயுவை விட ஒரு சிறு திருகு உண்டு. 57-ம் 90-ம் பிறந்த இடம், ரைன் நதி அருவியாய் விழுகிற நொய்ஹவுசன் ஊரிலிருந்த 'சிக்' தொழிற்சாலை. 1853-இல் ரயில் பெட்டி செய்வதற்கென்று ஆரம்பித்த கம்பெனி அது!

அரைத் தானியங்கியின் சௌகரியம் 'ஃபெல்ட்ஷீசென்' என்ற கிராமத்துச் சுடும் விழாவில் தெரியும். லட்சம் பேருக்குமேல் கலந்துகொண்ட வருஷங்கள் உண்டு. மொத்தம் 18 ரவை. அதிகபட்சம் 72 புள்ளி. கடைசிச் சுற்றில் ஒரு நிமிஷத்துக்குள் ஆறு ரவை சுட வேண்டும். 31-ஐ வைத்திருப்பவர் ஒவ்வொரு தடவையும் கைப்பிடியுடன் மல்லுக்கட்டும்போது, 90-ஐ வைத்திருப்பவர் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே அடுத்த குறியைப் பார்க்கலாம்.

அப்படியானால் நம்பகமான துப்பாக்கியை அறிவது எப்படி? பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. பத்து ரவை சுட்டுப் பார்க்க வேண்டும். பத்தும் ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்தால், அந்த இடம் நடுவிலிருந்து விலகியிருந்தாலும் பரவாயில்லை. குறிக்கருவியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். பத்தும் பத்துத் திசையில் சிதறினால், கோளாறு குழலிலோ சுடுகிறவரிடமோ இருக்கிறது. அடுத்தபடி, ரவைப் பெட்டியை மூன்று தடவை நிரப்பிச் சுட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் திக்கினால் உடனே துப்பாக்கியைக் குறை சொல்லிவிடக் கூடாது. விளிம்பு வளைந்த ரவைப் பெட்டியே பல சமயம் குற்றவாளி. ரவை சுலபமாகவும் மலிவாகவும் கிடைக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பீரோவில் தூங்கும் உயர்ந்த துப்பாக்கியைவிட, வாராவாரம் சுட முடிகிற சாமான்யத் துப்பாக்கி மேல்.

இயந்திரத்தை இப்படிச் சோதித்துவிடலாம். மனிதனை?

ஜூரிச்சுக்குப் பக்கத்தில், ஏரிக் கரையில், ட்ஸூக் என்ற அழகான ஊர் இருக்கிறது. 2001-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதி அந்த ஊர்ச் சட்டமன்றத்துக்குள் ஒருவன் நுழைந்தான். அதிகாரிகள்மீது அவனுக்கு நெடுநாள் மனத்தாங்கல். 14 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டான். அவன் கொண்டுவந்த ஆயுதங்களில் ஒன்று, இதே 90-இன் பொதுஜன வகை. துப்பாக்கியில் பழுது ஒன்றும் இருக்கவில்லை.

நாடு கலங்கிற்று. சிப்பாய்கள் வீட்டில் ரவை வைத்திருக்கும் பழைய வழக்கத்தை 2007-இல் நிறுத்த முடிவாயிற்று. துப்பாக்கியையும் வீட்டிலிருந்து அகற்ற வேண்டும் என்ற யோசனை 2011-இல் ஜனங்களின் வாக்குக்கு வந்தது. 56 சதவிகிதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆனால் 2019-இல் கடுமையான புதிய சட்டத்துக்கு 64 சதவிகிதம் பேர் சம்மதித்தார்கள். அதன்படி, பத்து ரவைக்கு மேல் கொள்ளும் அரைத் தானியங்கி ரைபிளைப் புதிதாக வாங்கும் சுடுகலைஞர், ஐந்து வருஷம் கழித்தும் பத்து வருஷம் கழித்தும் தாம் கிளப்பில் அங்கத்தினர் என்றோ, ஒழுங்காகச் சுட்டு வருவதாகவோ நிரூபிக்க வேண்டும்.

இதில் நம்மவர்களைத் தொடும் சங்கதியும் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான ஈழத் தமிழ்க் குடும்பங்கள் அந்த நாட்டில் வாழ்கின்றன. 2008-ஆம் வருஷத்து ஆயுத விதி, இலங்கை உட்படச் சில நாடுகளின் பிரஜைகள் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் தடை போட்டது. அதே குடும்பத்தில் பிறந்து ஸ்விஸ் பிரஜையாகிவிட்ட பையனுக்கோ ராணுவப் பணி கடமை. தகப்பனார் தொடக் கூடாத ரைபிள், பிள்ளையின் கையில் சர்க்காரே கொடுப்பது! யாரை நம்புவது என்ற கேள்விக்கு எந்த நாட்டுச் சட்டமும் சுலபமாக விடை கண்டுவிடவில்லை.

ஆகையால், ஸ்விஸ் மைதானத்துக்குப் போனால் குறிப் பலகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சுட்டு முடிந்த பிறகு கொஞ்ச நேரம் நில்லுங்கள். சிறுவனானாலும் சரி, நாற்பது வருஷம் சுட்ட கிழவரானாலும் சரி, துப்பாக்கியைத் திறந்து, உள்ளே ரவை இல்லை என்று இன்னொருவரின் கண்ணுக்குக் காட்டிய பிறகே இடத்தை விட்டு நகர்வார். "என்னைத் தெரியாதா? நான் சொன்னால் போதாதா?" என்று எவரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு டிராமுக்கு வாருங்கள்.