பவளப்பாறையில் எழும்பிய தேவாலயம்... தனுஷ்கோடிச் சுவர்கள் சொல்லும் கதை!

என் மேஜை டிராயரில் ஆறு வருடங்களாக ஒரு கல் கிடந்தது. உள்ளங்கை அளவுதான். வெள்ளையும் பழுப்பும் கலந்த நிறம். மேலே சின்னச் சின்னப் பூக்களை அச்சுப் பதித்ததுபோல இருக்கும். 2019-ல் கல்லூரி டூர் போனபோது, தனுஷ்கோடி தேவாலயச் சுவரில் லேசாக ஆடிக்கொண்டிருந்ததை அசைத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. 'ஞாபகார்த்தமா இருக்கட்டும்' என்று பேக்கில் போட்டுக்கொண்டேன்.

சமீபத்தில் மன்னார் வளைகுடா பற்றி ஒரு சின்னச் செய்தி எழுத உட்கார்ந்தபோதுதான் அது என்ன கல் என்றே எனக்குத் தெரிந்தது. அது கல்லே இல்லை. பவளப்பூச்சிகளின் கூடு. கடந்த டிசம்பரில் அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறினேன்.

ஒரு பக்கம் ஆண்கடல், ஒரு பக்கம் பெண்கடல்

ரயில் இப்போது புதிய பாம்பன் பாலத்தில் போகிறது. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட பாலம் இது. நான் போனபோது பக்கத்திலேயே 1914-ல் திறந்த பழைய பாலமும் தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எல்லோர் கையிலும் செல்போன்தான்.

ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தனுஷ்கோடிக்கு டவுன் பஸ் உண்டு. ஊரைத் தாண்டியதும் சவுக்கும் கருவேலமும் மறைந்து, இரண்டு பக்கமும் வெறும் மணலும் தண்ணீரும்தான். வடக்கே இருக்கும் பாக் நீரிணையை இங்கே 'பெண்கடல்' என்கிறார்கள். குளம்போல அமைதி. தெற்கே மன்னார் வளைகுடா, 'ஆண்கடல்'. எந்நேரமும் சீறிக்கொண்டே இருக்கிறது.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ தார்ச்சாலை. 2017-ல்தான் இது பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கி ஓடும் வேன்தான் கதி. இப்போது ஏ.சி கார்களிலேயே முனைவரை போய் செல்ஃபி எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். வழியில் இருக்கும் பழைய தனுஷ்கோடியில் பத்து நிமிடம் நிறுத்துவதே பெரிய விஷயம்.

நான் அங்கே இறங்கிக்கொண்டேன்.

போட் மெயில் நின்ற ஊர்

தேவாலயம் அப்படியே இருக்கிறது. அதாவது, 2019-ல் நான் பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவாக. கூரை எப்போதோ போய்விட்டது. பீடம் இருந்த பக்கச் சுவரும் சில வளைவுகளும் நிற்கின்றன. கொஞ்சம் தள்ளி ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய தூண்கள், அஞ்சலகத்தின் சுவர்கள், பள்ளிக்கூடத்தின் எலும்புக்கூடு.

பார்க்கும்போது ஏதோ குக்கிராமத்தின் இடிபாடு என்று தோன்றும். ஆனால், இது ஒருகாலத்தில் வெளிநாட்டுக்குப் போகிற வாசல். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரிலிருந்து கிளம்பும் 'போட் மெயில்' இங்கேதான் வந்து நிற்கும். பயணிகள் இறங்கி நீராவிக் கப்பலில் ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடியும் ரயில் பிடித்துக் கொழும்பு போவார்கள். ரயில், கப்பல், ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். சுங்க அலுவலகம், அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளி, கோயில், தேவாலயம் என ஒரு துறைமுக நகரத்துக்கு வேண்டிய எல்லாமே இங்கே இருந்தன.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு எல்லாம் முடிந்தது. தெற்கு அந்தமான் கடலில் உருவாகி இலங்கையைக் கடந்து வந்த புயல், பேரலைகளோடு தனுஷ்கோடிக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், ஊரை எட்டும் முன்பே நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. இரு நாட்டுக் கரைகளிலுமாகச் சுமார் 1,800 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் அடித்துச் செல்லப்பட்டன. பின்னாளில் 'மெட்ரோ மனிதர்' என்று பெயர் வாங்கிய இ.ஸ்ரீதரன், அப்போது இளம் பொறியாளர். 46 நாள்களில் பாலத்தைச் சீரமைத்துக் காட்டியது அவர் தலைமையிலான குழுதான்.

பாலம் மீண்டது. தனுஷ்கோடி மீளவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. கப்பல் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாறி, 1984-ல் அதுவும் நின்றுபோனது.

சுவருக்குள் ஒரு கடல்

தேவாலயச் சுவரை நெருங்கிப் பார்த்தேன். நட்சத்திரம் நட்சத்திரமாக, தேன்கூடுபோல, மூளையின் மடிப்புபோல விதவிதமான வடிவங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பவளப்பூச்சி குடியிருந்த வீடு. கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்து அந்தப் பூச்சிகள் கூடு கட்டுகின்றன. ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து, பல நூறு வருடங்களில் அது பாறையாகிறது.

மலையோ குன்றோ இல்லாத இந்த மணல்திட்டில் கல்லுக்கு எங்கே போவது? கடலுக்குத்தான் போனார்கள். வெட்டுவதற்கு எளிது, எடையும் குறைவு. அதையே சுட்டால் சுண்ணாம்பும் கிடைத்துவிடும். இது நம்மூர் வழக்கம் மட்டுமல்ல. மாலத்தீவின் பழைய பள்ளிவாசல்களும், தான்சானியாவின் ஜான்ஜிபார் கல்நகரமும், சவுதியின் பழைய ஜெட்டா வீடுகளும் பவளக்கல்லில் எழுந்தவைதான். ஜான்ஜிபாரும் ஜெட்டாவும் இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள்.

ஆனால், அந்த வழக்கத்துக்குக் கடல் கொடுத்த விலை பெரியது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக 21 தீவுகள். 1986-ல் இவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-ல் தனுஷ்கோடியையும் சேர்த்துப் பெரியதொரு பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. 3,600-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் வாழும் பகுதி இது. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கடியில். அலையைத் தடுத்து நின்ற பாறைகளைப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு பவளத்துக்கும்.

அப்படியென்றால் என் டிராயரில் ஆறு வருடங்களாக என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்!

'எல்லாரும் எடுத்துட்டுத்தான் போவாங்க'

தேவாலயத்துக்கு எதிரே பாசிமாலையும் சங்கும் விற்கும் கடைகள். ஒரு அக்கா, நான் கைக்குட்டையைப் பிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா அது?"

சொன்னேன். சிரித்துவிட்டார். "எல்லாரும் எடுத்துட்டுத்தான் போவாங்க. கொண்டாந்து போடுறது நீ ஒருத்திதான்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சுவரைக் காட்டிச் சொன்னார். "இங்கன பாரு, போன வருசம்கூட இந்த இடம் என் தோள் உசரம் இருந்துச்சு. இப்ப இடுப்புக்கு வந்துருச்சு. காத்து பாதி, கைப்பாதி."

அவர் சொன்ன 'காத்து'க்கு விளக்கம் உண்டு. பவளக்கல் முழுக்க நுண்துளைகள். உப்புக்காற்றின் ஈரத்தைப் பஞ்சுபோல உறிஞ்சும். வெயிலில் ஈரம் காயும்போது உப்பு உள்ளே படிகமாகி, கல்லை உள்ளிருந்தே நெட்டித் தள்ளும். மேல்தோல் செதில் செதிலாக உதிரும். போதாததற்குக் காற்றோடு வரும் மணல், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோலத் தேய்க்கும்.

'கை'க்கு விளக்கமே வேண்டாம். சுவர் முழுக்கப் பெயர்கள், இதயக்குறிகள், தேதிகள். என் கண்ணெதிரிலேயே ஒருவர் கார் சாவியால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவரை 'ஏன் சார்?' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கையில் அந்தக் கல்லை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கேட்பது?

இருக்கிற ஊர்

பின்பக்கம் ஓலைக் குடிசைகளுக்கு நடுவே ஒரு பெரியவர் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். புயலடித்தபோது அவருக்கு ஒன்பது வயதாம். அன்றைய இரவைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். அவர் அதைப் பேசவில்லை.

"வர்றவுக எல்லாம் 'செத்த ஊரு எங்க இருக்கு'ன்னு கேக்குறாக தாயி. நாங்க இங்கதான இருக்கோம்? விடிஞ்சா கடலுக்குப் போறோம், புள்ளைக படிக்குது. ஊரு இருக்கு."

மணலில் கையால் தோண்டிய ஊற்றைக் காட்டினார். இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் நாலடி ஆழத்தில் நல்ல தண்ணீர். ஒரு குவளை மொண்டு கொடுத்தார். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் வரும் அதிசயம் இது. இவ்வளவு தூரம் வந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அந்தக் குவளைத் தண்ணீர்தான்.

"சுவரு நிக்கணும்னு நினைக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"நிக்கிற வரைக்கும் நிக்கட்டும். அதைப் பார்க்க நாலு பேரு வந்தாத்தான் எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு யாவாரம். ஆனா எங்க அப்பா, அம்மா கும்புட்ட இடம் அது. அதுல கிறுக்குறதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

தேசியப் பூங்காவின் தீவுகளுக்கு வனத்துறைக் காவல் உண்டு. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகவும் அரசு அறிவித்திருக்கிறது. கடலுக்குள் இருக்கும் பவளத்தைக் காக்கச் சட்டம் வந்தாயிற்று. கரையேறிச் சுவரான பவளத்தை நாம்தான் காக்க வேண்டும். வேலி போட்டால் அந்த அக்காவின் கடை என்னாகும் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது. தொடாமல் பார்க்க நமக்குத் தெரிந்துவிட்டால் வேலியே தேவைப்படாது.

கல்லைச் சுவரடியில், அது வந்த இடம் என்று நான் நினைத்த மூலையில் வைத்தேன். சுவரில் திரும்ப ஒட்டாது என்று தெரியும். இருந்தாலும் அங்கே கிடப்பதுதான் சரி என்று பட்டது.

பஸ் வந்தது. அக்கா கடையிலிருந்தே குரல் கொடுத்தார். "அடுத்த தடவ வர்றப்ப வெறுங்கையோட வா, வெறுங்கையோட போ!"

போகிறவர்கள் கவனத்துக்கு...

* ராமேஸ்வரத்திலிருந்து காலையிலேயே கிளம்பிவிடுங்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்; இரவில் தங்க அனுமதி இல்லை.

* கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். ஆண்கடலின் நீரோட்டம் இழுத்துவிடும். பெண்கடல் பக்கமும் அலட்சியம் வேண்டாம்.

* டிசம்பர் முதல் மார்ச் வரை போனால் பூநாரைகளைப் பார்க்க வாய்ப்பு அதிகம். தூரத்தில் நின்றே பாருங்கள்.

* பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

* சுவரில் சாயாதீர்கள், ஏறாதீர்கள், எழுதாதீர்கள். பவளக்கல்லை எடுக்கவும் வேண்டாம், யாராவது விற்றால் வாங்கவும் வேண்டாம். சட்டப்படி குற்றம்.

* கடைகளில் வறுத்த மீன் கிடைக்கும். அங்கேயே சாப்பிடுங்கள். ஊர் பிழைத்துக்கொண்டிருப்பது அதில்தான்.