மழை குடைந்த கோயில்

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம் ஈப்போ. அங்கிருந்து வடக்கே 6 கி.மீ. தள்ளி, சாலையோரம் சுவர்போல் எழுந்து நிற்கிறது ஒரு சுண்ணாம்புக் குன்று. அதன் வயிற்றுக்குள் இருக்கிறது பேராக் தோங் பௌத்த ஆலயம்.

வாசலைத் தாண்டியதும் வெயில் மறைந்து குளிர்ச்சி பரவுகிறது. ஊதுவத்திப் புகைக்கு நடுவே, கூரையை முட்டுவதுபோல் சுமார் 13 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறார் புத்தர். சுற்றிலும் சிறிதும் பெரிதுமாகச் சிலைகள். பாறைச் சுவர்களில் ஓவியங்கள், சீன எழுத்துகள்.

சீனாவிலிருந்து வந்த ஒரு தம்பதியர் 1926ல் தொடங்கிய கோயில் இது. ஆனால் குகையை அமைத்தது மழைதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த உயிரினங்களின் ஓடுகளே இந்தப் பாறை. கரியமில வாயு கலந்து லேசாக அமிலமாகும் மழைநீர் அதைக் கரைத்துக் குடைந்தது. அதே நீர் கூரையிலிருந்து சொட்டும்போது விட்டுச்சென்ற சுண்ணாம்புதான் விழுதுகளாகத் தொங்குகிறது.

குகைக்குப் பின்னாலுள்ள செங்குத்தான படிகளில் மூச்சு வாங்க ஏறினால், கீழே விரிகிறது கிந்தா பள்ளத்தாக்கு. உலகுக்கே வெள்ளீயம் கொடுத்த மண். 1985ல் விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று கண்ணில் படுவது தொழிற்சாலைகளும், வெட்டப்பட்டு வெளிறிய குன்றுகளும்.

காரணம், சிமெண்டுக்கு மூலப்பொருள் இதே சுண்ணாம்புக்கல். பள்ளத்தாக்கின் மற்றொரு குன்றான குனோங் காந்தானில் குவாரி ஒரு பக்கம், குகை மடம் மறுபக்கம். துறவிகளை வெளியேற்றும் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அந்தக் குன்றைத் தவிர வேறெங்கும் காணப்படாத ஒரு சிலந்தி இனமும் அங்கே வாழ்கிறது. அதற்காக வழக்காட யாரும் வரப்போவதில்லை.

ஆபத்து குவாரியால் மட்டுமல்ல. தமிழர்கள் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துச் செல்லும் சுப்பிரமணியர் கோயிலும் ஈப்போவின் குனோங் சேரோ குன்றடியில்தான் இருக்கிறது. 1973ல் அதே குன்றில் பாறை சரிந்து சுமார் 40 பேர் பலியானார்கள். கோயிலுக்கு இடம் கொடுத்த விரிசல்களே கல்லையும் தளர்த்துகின்றன.

2018ல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குன்றுகளுக்கு மதிப்பு வந்துவிட்டது. முழுப் பாதுகாப்பு எல்லாக் குன்றுகளுக்கும் வரவில்லை. இடிந்த கோயிலை மீண்டும் கட்டலாம். வெட்டிய குன்றைக் கட்ட எந்தச் சிமெண்டாலும் முடியாது.