ஒரு கண்டலும் நமது அவசரமும்

கல்முனையில் ஆசிரியத் தொழில் புரியும் நாம், எட்டாந்தர மாணவன் ஒருவனின் மேற்கையில் நீலம் பாய்ந்திருக்கக் கண்டோம். மறுவாரம் தோளிலும் முதுகிலும் அவ்வாறே. தந்தை கரைவலை இழுப்பவர். கயிறு பிடித்துக் காய்த்த அக்கைகளை நினைத்த மாத்திரத்தே நம் மனம் தீர்ப்பெழுதிவிட்டது. அவரை அழைப்பித்தோம்.

“அல்லாஹ் அறிய நான் இவனுக்குக் கை வைக்கல்ல சேர்” என்றார். நாம் நம்பவில்லை.

முறிவு வைத்தியரிடம் எண்ணெய் பூசுவித்ததையும், பின்னர் கடன்பட்டுத் தோல் நிபுணரிடம் காட்டியதையும் அவர் சொல்லிக்கொண்டிருக்கையில், உடனிருந்த விஞ்ஞான ஆசிரியர் சிறுவனின் கணுக்காலை உற்றுநோக்கினார். ஊசிமுனையளவான செம்புள்ளிகள்! கண்ணாடிக் குவளையால் அழுத்தினார்; அவை மறையவில்லை. பல் துலக்கும்போது இரத்தம் வருவதுண்டா என்று கேட்டார். சிறுவன் தலையசைத்தான்.

கண்டலாவது, தோலின்கீழ் நுண்குழாய்கள் உடைந்து கசிந்த குருதியேயாம். அதன் செந்நிறப் பொருள் சிதையுந்தோறும் பச்சையும் மஞ்சளுமாகி, இரண்டொரு வாரத்தில் மறையும். ஓடியாடும் பிள்ளைகளின் முழந்தாளில் அது காணப்படுதல் இயல்பு. அடிபடாமலே உடலெங்கும் தோன்றுமாயின், புள்ளிகளும் ஈற்றுக்கசிவும் கூடுமாயின், சோதிக்கவேண்டியது தோலையன்று, குருதியையே. (பிள்ளையை யாரேனும் அடித்தனரோ என ஐயுறுதலும் ஆசிரியர் கடமைதான், விசாரியாமலே முடிவு கட்டியதே நம் பிழை.)

அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் சென்றோம். குருதிச் சிறுதட்டுகள் ஒரு மைக்ரோலீற்றரில் 150,000க்குக் குறையாதிருத்தல் வேண்டும், அவனுக்கு 14,000! மாரிகாலமாதலின் டெங்குவோ என முதலில் ஆராய்ந்தனர். அன்றெனத் தெளிந்தபின் குருதியியல் நிபுணரிடம் அனுப்பினர். முன்பு வந்த சளிக்காய்ச்சலின் பின்னர், உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் சிறுதட்டுகளை அழித்துவந்ததாம். 1735இல் வேர்ல்ஹோவ் என்னும் ஜெர்மானிய வைத்தியர் விவரித்த நோய் இது. சிறுவர்களிற் பெரும்பாலோர் ஆறு மாதத்துள் தேறிவிடுவர் என்றார் நிபுணர். அஸ்பிரினும் ஐபுபுரோபனும் கொடுக்கலாகாது, தலையில் அடிபட விடலாகாது, கடுந்தலைவலியோ நில்லாத இரத்தப்பெருக்கோ கண்டால் கணமும் தாமதியாது கொண்டுவருக என்றும் எச்சரித்தார்.

திரும்பும் வழியிற் பேருந்தில் அத்தந்தையின் அருகமர்ந்து மன்னிப்புக் கேட்டோம். அவர் வெளியே கடலையே பார்த்திருந்தார்.

ஐந்து திங்கள் கழிந்தன. எண்ணிக்கை தேறி, விளையாடவும் அனுமதி கிடைத்தது. ஒருநாட்காலை அவரே மகனைக் கூட்டிவந்து, அவன் முழந்தாளிலிருந்த நீலத்தைக் காட்டி, “சேர், இது பந்து பட்டது” என்றார்.